கேம் ஆர்ட் படிக்கும் மாணவருக்குப் பயிற்சிப் பணி: பெங்களூர் நிலவரம்

2025 பிப்ரவரியில் டெக்னிகலர் நிறுவனம் உலகெங்கும் கடையைக் கட்டியது. பெங்களூரில் ஆயிரக்கணக்கான அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் கலைஞர்கள் திடீரென வேலை இழந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. பணம் கட்டி ஆடும் செயலிகளை நடத்திய நிறுவனங்கள் ஆட்குறைப்பில் இறங்கின. அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ ஓசூரிலோ இருந்துகொண்டு, பிள்ளையின் கேம் ஆர்ட் படிப்புக்கு மூன்றாம் ஆண்டுக் கட்டணம் திரட்டும் பெற்றோருக்கு இரண்டும் ஒரே செய்தியாகத்தான் காதில் விழும்: கேம் தொழில் முடிந்துவிட்டது. போதாததற்கு, பிள்ளை முப்பது நிறுவனங்களுக்குப் பயிற்சிப் பணி (இன்டர்ன்ஷிப்) கேட்டு எழுதியும் ஒரு பதிலும் வரவில்லை என்றால் அந்த முடிவு உறுதியாகிவிடும்.

அது தவறான முடிவு. பதில் வராததற்குக் காரணம் வேறு.

இரண்டு செய்திகள், இரண்டு தொழில்கள்

முதலில் சட்டம். 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற அந்தச் சட்டம் ஆன்லைன் விளையாட்டுகளை மூன்றாகப் பிரிக்கிறது.

1. ஈ-ஸ்போர்ட்ஸ்: வகுத்த விதிகளின்படி போட்டியாக நடத்தப்படுபவை.
2. சமூக விளையாட்டுகள்: பொழுதுபோக்குக்கோ கல்விக்கோ ஆடுபவை. சந்தா இருக்கலாம், பந்தயம் இருக்கக்கூடாது.
3. பண விளையாட்டுகள்: பணம் கட்டி, அதைவிட அதிகம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் ஆடுபவை.

தடை மூன்றாவதற்கு மட்டுமே. ரம்மி, ஃபேன்டஸி கிரிக்கெட் வகையறாக்கள் இதில் அடங்கும். அந்த நிறுவனங்களிலும் கலைஞர்கள் இருந்தார்கள். சீட்டுமேசையின் பின்னணி, பொத்தான், சின்னம், விளம்பரப் படம் ஆகியவற்றை வரைந்தார்கள். ஆகவே திரை வடிவமைப்பு, இருபரிமாண ஓவியம் ஆகிய இரண்டிலும் பெங்களூரில் இடங்கள் குறைந்தது உண்மை. கணினிக்கும் கன்சோலுக்கும் முப்பரிமாணப் பொருள்களைச் செய்துதரும் வேலையை இந்தச் சட்டம் தொடவில்லை.

டெக்னிகலர் பெரும்பாலும் திரைப்பட விஷுவல் எஃபெக்ட்ஸ் செய்த நிறுவனம். கேம் சந்தை சரிந்ததால் அது மூழ்கவில்லை. ஆனால் அங்கே வேலை இழந்தவர்கள் பயன்படுத்திய மாயா, இசட்பிரஷ் போன்ற மென்பொருள்கள்தாம் கேம் ஸ்டுடியோக்களிலும் ஓடுகின்றன. எனவே ஐந்து, பத்து ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் அதே கதவைத் தட்ட வந்தார்கள். மாணவரைப் பாதித்தது நிறுவனம் மூடப்பட்டதைவிட, அதனால் நீண்ட இந்த வரிசைதான்.

இவ்விரண்டும் நேராத ஆண்டுகளிலும் கேம் ஆர்ட் மாணவருக்குப் பயிற்சிப் பணி எளிதாகக் கிடைத்ததில்லை. அது ஏன் என்று புரிய, வேலை எப்படி நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு கடலை வண்டி கேமுக்குள் போகும் வழி

‘கேம் ஆர்ட்டிஸ்ட்’ என்பது ஒரு வேலையின் பெயர் அன்று. கருத்தோவியம் வரைபவர், தெரு, காடு, கட்டடம் போன்ற சுற்றுச்சூழலை அமைப்பவர், சிறு பொருள்கள் செய்பவர், பாத்திரங்களை உருவாக்குபவர், அனிமேட்டர், புகையும் தீயும் மழையும் செய்பவர், திரை வடிவமைப்பாளர், இவர்களுக்கும் நிரலாளர்களுக்கும் நடுவே பாலமாக நிற்கும் டெக்னிகல் ஆர்ட்டிஸ்ட் என்று எல்லோருக்கும் அதே பெயர். மாணவர்கள் முதல் வேலையாகப் பெரும்பாலும் பெறுவது சிறு பொருள்கள் செய்வதுதான். ஒரு கடலை வண்டியை எடுத்துக்கொள்வோம்.

1. ரெஃபரன்ஸ்: உண்மையான வண்டியைப் பல கோணங்களில் படம் எடுத்து, சக்கரத்தின் விட்டம், பலகையின் உயரம் முதலியவற்றை அளந்து வைப்பது.
2. பிளாக்அவுட்: வெறும் பெட்டிகளாலும் உருளைகளாலும் வண்டியின் உருவத்தை நிறுத்தி, பக்கத்தில் ஓர் ஆள் உருவத்தை வைத்து அளவு சரியா என்று பார்ப்பது.
3. ஹை பாலி: ஆணி, மரத்தின் வெடிப்பு, தகரத்தின் நெளிவு எல்லாவற்றையும் கொண்ட முழு வடிவம். பல லட்சம் முகங்கள், அதாவது வடிவத்தை ஆக்கும் சிறு தட்டைப் பரப்புகள், இருக்கும். பெரும்பாலான கேம்களில் இது அப்படியே ஓடாது.
4. லோ பாலி: அதே வெளிக்கோட்டைச் சில ஆயிரம் முக்கோணங்களில் கொண்டுவருவது. எதை விடுவது, எதை வைப்பது என்ற முடிவில்தான் கைத்தேர்ச்சி தெரியும்.
5. யூவி: தையல் பிரித்த சட்டையைத் தரையில் விரிப்பதுபோல, வடிவத்தை வெட்டித் தட்டையாக விரிப்பது. தையல் எங்கே விழுகிறது என்பது முக்கியம். கண்ணில் படும் இடத்தில் விழுந்தால் ஒட்டுப்போட்டது தெரியும்.
6. பேக்: ஹை பாலியின் மேடுபள்ளங்களை ஒரு படமாக மாற்றி லோ பாலியின்மேல் போர்த்துவது. அந்தப் படத்துக்கு நார்மல் மேப் என்று பெயர். நாடகத் திரைச்சீலையில் தூண் புடைத்து நிற்பதுபோல் வரைவார்கள் அல்லவா, அந்த வித்தைதான். ஒரே வேறுபாடு, இங்கே விளக்கை நகர்த்தினால் நிழலும் நகரும்.
7. டெக்ஸ்ச்சர்: நிறம், சொரசொரப்பு, உலோகத்தன்மை ஆகியவற்றைத் தனித்தனிப் படங்களாகத் தீட்டுவது.
8. என்ஜின்: கேமை இயக்கும் மென்பொருளான அன்ரியல் அல்லது யூனிட்டிக்குள் கொண்டுபோய், மோதும் எல்லையையும், தூரத்தில் தெரியும்போது பயன்படும் எளிய வடிவங்களையும் அமைத்து, விளக்கொளியில் சோதிப்பது.

எட்டாவது படியைத் தாண்டாத வண்டி கேம் பொருள் ஆகாது. அழகான படம், அவ்வளவுதான்.

ஏன் இத்தனை கட்டுப்பாடு? கணக்கு எளியது. நொடிக்கு 60 காட்சிகள் (ஃபிரேம்கள்) ஓடும் கேமில் ஒரு காட்சிக்குக் கிடைப்பது சுமார் 16.6 மில்லி நொடி. அதற்குள் தெரு, ஆட்கள், வெளிச்சம் எல்லாவற்றையும் கணினி வரைந்து முடிக்க வேண்டும். நினைவகமும் அப்படித்தான். 2048க்கு 2048 புள்ளிகள் கொண்ட ஒரு டெக்ஸ்ச்சர், சுருக்காத நிலையில், புள்ளிக்கு நான்கு பைட் வீதம் 16 மெகாபைட் பிடிக்கும். அதை 4096 ஆக்கினால் 64. ஒரு கடலை வண்டிக்கு நிறம், நார்மல், சொரசொரப்பு என்று மூன்று படங்களை 4096 அளவில் வைத்த மாணவர், தெருவோரப் பொருளுக்கு 192 மெகாபைட் செலவழித்திருக்கிறார். நடைமுறையில் சுருக்கிவைப்பார்கள், இவ்வளவு ஆகாது. ஆனாலும் அவருக்குக் கணக்குத் தெரியவில்லை என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

யார் வேலை தருகிறார்கள்

பெங்களூரின் கேம் தொழில் புதிதன்று. துருவா இன்டராக்டிவ் இங்கே 1990களிலேயே தொடங்கியது. வெளிநாட்டு கேம்களுக்குக் கலைப்பொருள்களைச் செய்துகொடுத்தே வளர்ந்தது. 2019இல் அதை ராக்ஸ்டார் கேம்ஸ் வாங்கித் தன் பெங்களூர் ஸ்டுடியோவோடு இணைத்துக்கொண்டது. ஜிங்கா 2010இலேயே இங்கு அலுவலகம் திறந்தது. 2022 முதல் அதுவும் ராக்ஸ்டாரும் டேக்-டூ என்ற ஒரே குடையின்கீழ் இருக்கின்றன. மற்ற ஊர்களைச் சொன்னால், யூபிசாஃப்ட் புனேயிலும் மும்பையிலும், எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஐதராபாத்திலும், லக்ஷ்யா டிஜிட்டல் குருகிராமிலும் பெரிய குழுக்களை வைத்திருக்கின்றன.

மாணவர் பார்க்க வேண்டியது பெயர்களைவிட வகைகளை.

1. பன்னாட்டு நிறுவனத்தின் சொந்த ஸ்டுடியோ. பயிற்சி முறையாக இருக்கும். ரகசியக் காப்பு மிகக் கடுமையாக இருக்கும்.
2. கலைப்பணி ஒப்பந்த நிறுவனம். வாடிக்கையாளர் கேட்டதைக் கேட்ட தேதியில் செய்து அனுப்புவது. பெங்களூரில் கேம் ஆர்ட் என்ற பிழைப்பு வேரூன்றியது இந்த வகையில்தான்.
3. மொபைல் கேம் நிறுவனம். குழு சிறியது. ஒருவரே சின்னமும் வரைவார், பின்னணியும் செய்வார்.
4. நான்கைந்து பேர் நடத்தும் தனிக் குழு. பணம் இருக்காது, ஆனால் செய்த வேலை நேராக கேமுக்குள் போகும்.

மாணவர்களில் பெரும்பாலானோர் முதல் வகைக்கு மட்டும் எழுதிவிட்டு ஓய்ந்துவிடுகிறார்கள்.

தட்டுப்பாடு எதற்கு?

பயிற்சி மாணவருக்குத் தரும் உதவித்தொகை ஸ்டுடியோவின் கணக்கில் சிறு செலவு. பெரிய செலவு மூத்த கலைஞரின் நேரம்.

ஒரு மூத்த கலைஞர் நாளுக்கு ஒரு மணி நேரம் மாணவரின் வேலையைப் பார்த்துத் திருத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 22 மணி நேரம், அதாவது கிட்டத்தட்ட மூன்று முழு வேலை நாட்கள். ஒப்பந்த நிறுவனத்தில் அந்த மூன்று நாட்களுக்கு வாடிக்கையாளர் பணம் தரமாட்டார். அனுப்பவேண்டிய தேதியும் தள்ளிப்போகாது. யாராவது இரவு உட்கார்ந்துதான் ஈடுகட்ட வேண்டும். மாணவர் இரண்டு மாதத்தில் போய்விடுவார். அவர் பயன்படத் தொடங்குவது இரண்டாம் மாதக் கடைசியில். எந்த மேலாளர் விரும்புவார்?

இதோடு வேறு இரண்டு தடைகள் உண்டு. ஒன்று, வெளியாகாத கேம்களின் பொருள்கள் திரையில் இருப்பதால் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதவர் உள்ளே வரமுடியாது. சில தளங்களில் கைப்பேசியையே வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும். இரண்டு, விலையுயர்ந்த மென்பொருள்களுக்கு ஆளுக்கு ஓர் உரிமம் வாங்க வேண்டும்.

இதற்கு எதிர்த்திசையில் கல்லூரிகள் தள்ளுகின்றன. தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டச் சட்டகம், பயிற்சிப் பணிக்கு 2 முதல் 4 வரை கிரெடிட் ஒதுக்கியது. மாணவர் எல்லோருக்கும் ஒரே கோடை விடுமுறையில் ஒரு சான்றிதழ் தேவைப்படுகிறது. கேட்பவர் கூட்டம் பெருகியது. திருத்தித் தரும் மூத்தவர்கள் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது. முப்பது கடிதத்துக்கும் பதில் வராததன் பின்னணி இதுதான். அதில் திறமைக்கான தீர்ப்பு எதுவும் இல்லை. பல கடிதங்களை யாரும் திறந்தே பார்த்திருக்கமாட்டார்கள்.

போர்ட்ஃபோலியோ எந்தக் கேள்விக்கு விடை

தட்டுப்பாடு மூத்தவரின் நேரத்துக்கு என்றால், மாணவரின் போர்ட்ஃபோலியோவை, அதாவது அவர் செய்த வேலைகளின் தொகுப்பை, பார்ப்பவர் மனத்தில் ஓடும் கேள்வியும் அதைப் பற்றியதுதான்: இவருக்காக நான் எத்தனை மணி நேரம் இழப்பேன்? ‘படம் அழகாக இருக்கிறதா’ என்பது அடுத்த கேள்வி.

மாணவர் போர்ட்ஃபோலியோக்களைத் திறந்தால் வைக்கிங் கோடரியும் விண்வெளிப் பெட்டியும் கண்ணில் படாமல் போவது அரிது. ஒரே இணையப் பயிற்சி வீடியோவைப் பார்த்துச் செய்தவை. கோடரி செய்வது குற்றமன்று. ஆனால் பார்ப்பவருக்கு மாணவர் எங்கே தானாக முடிவெடுத்தார் என்பது தெரியாமல் போகிறது. வீடியோக்காரரின் முடிவுகள்தாம் தெரிகின்றன.

இந்த ஊரிலேயே கைக்கெட்டும் தூரத்தில் பொருள்கள் கிடக்கின்றன. சிவாஜிநகரில் 1927இல் கட்டிய ரசல் மார்க்கெட் இருக்கிறது. தராசு, கூடை, ஈரச் சாக்கு, வெயில் தின்ற பெயின்ட் என்று ஒரு வாரத்துக்கான சிறு பொருள்கள் அங்கேயே உண்டு. அல்சூர் சோமேஸ்வரர் கோயில் இருக்கிறது. கோலார் தங்கவயலிலிருந்து மாரிக்குப்பம் ரயிலில் வந்து படிக்கும் பிள்ளைகளுக்கு, 2001இல் மூடிய சுரங்கத்தின் இரும்புக் கோபுரங்களும் தொழிலாளர் லைன் வீடுகளும் வீட்டு வாசலில் நிற்கின்றன. எந்த ஸ்டுடியோவின் கலை இயக்குநரும் முன்பின் பார்த்திராத சுற்றுச்சூழல் அது.

கோயிலை எடுத்துக்கொண்டவர்களுக்கு ஒரு தொழில்நுட்ப வசதியும் உண்டு. ‘டிரிம் ஷீட்’ என்பது ஒரே டெக்ஸ்ச்சரில் பல கிடைக்கோட்டுப் பட்டைகளை அடுக்கி, கட்டடம் முழுக்க அவற்றையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் முறை. சேலைக் கரையை நீளத்துக்கு ஓட்டுவதுபோல. நம் கோயில் அதிஷ்டானம், அதாவது அடித்தளம், அப்படிப்பட்ட பட்டைகளால் ஆனது: உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை. ஸ்தபதிகள் வகுத்த வரிசையை ஒரே ஷீட்டில் வைத்து, அதைக் கொண்டே கருவறைச் சுவரின் அடித்தளம் முழுவதையும் கட்டிக் காட்டும் மாணவர், சிக்கனமும் தெரியும், பார்த்துச் செய்யவும் தெரியும் என்று ஒரே பக்கத்தில் சொல்லிவிடுகிறார்.

எத்தனை வேலைகள் வேண்டும்? மூன்று போதும், நன்றாக முடித்தவையாக இருந்தால். பார்ப்பவர் பலவீனமான வேலையைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார். பத்தில் நான்கு சுமார் என்றால் அந்த நான்கை எடுத்துவிடுவதே மேல். ஒவ்வொன்றுக்கும் இவை இருக்க வேண்டும்:

1. என்ஜினுக்குள் எடுத்த படம்.
2. வயர்ஃப்ரேம், அதாவது முக்கோணக் கோடுகள் தெரியும் படம், எண்ணிக்கையுடன்.
3. யூவி விரிப்பும் டெக்ஸ்ச்சர் அளவும்.
4. செய்ய எடுத்த நாட்கள். பொய் சொல்ல வேண்டாம். முதல் நேர்காணலிலேயே பிடிபடும்.
5. குழுவேலை என்றால் தன் பங்கு எது என்று ஒரே வரியில்.

ஆறாவதாக ஒன்று உண்டு. மாணவர்கள் யாரும் வைப்பதில்லை. வைத்தால் பலன் மிகுதி. ஒருவர் குறை சொன்ன பிறகு திருத்திய வேலையின் முன்னும் பின்னும். ‘சக்கரத்தின் ஆரங்கள் மெல்லியவை, தூரத்தில் மறைகின்றன என்று சொன்னார்கள், தடிமனாக்கினேன், முக்கோண எண்ணிக்கை கூடவில்லை’ என்பது போன்ற ஒரு குறிப்பு, இவரிடம் ஒரு முறை சொன்னால் போதும் என்று பார்ப்பவருக்குச் சொல்கிறது. மணி நேரக் கணக்குக்கு இதைவிட நேரடியான விடை இல்லை.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஒரு சொல். அதனால் உருவாக்கிய படத்தைத் தன் கைவேலை என்று வைப்பது தற்கொலைக்கு ஒப்பு. ஸ்டீம் விற்பனைத் தளம் 2024 ஜனவரி முதல் கேமில் அத்தகைய படைப்புகள் இருந்தால் வெளிப்படையாக அறிவிக்கச் சொல்கிறது. ஆகவே எந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்பது ஸ்டுடியோவுக்கு வணிகக் கேள்வியாகவே ஆகிவிட்டது. பயன்படுத்தியிருந்தால் எந்தப் படியில் என்று எழுதிவிட வேண்டும்.

ஸ்டுடியோவுக்கு வெளியே அனுபவம்

பயிற்சிப் பணியில் உண்மையில் கிடைப்பது என்ன? பிறர் தரும் வேலைக்குறிப்பு, நகராத தேதி, தன்னைவிடத் தேர்ந்தவரின் திருத்தம். நாற்காலியும் அடையாள அட்டையும் இல்லாமலேயே இந்த மூன்றையும் வேறு இடங்களில் பெறலாம்.

கேம் ஜாம் அவற்றில் மலிவானது. 2009இல் தொடங்கிய குளோபல் கேம் ஜாம் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி வாக்கில் நடக்கிறது. பெங்களூரிலும் கூடும் இடங்கள் அமைவது வழக்கம். தலைப்பைச் சொன்னதும், முன்பின் தெரியாத நிரலாளர் ஒருவரோடு சேர்ந்து, வழக்கமாக 48 மணி நேரத்தில் ஆடக்கூடிய ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும். அங்கே செய்யும் கலை சுமாராகத்தான் வரும். ஆனால் ‘உன் மரம் என் கேமை மெதுவாக்குகிறது’ என்று ஒரு நிரலாளர் முகத்துக்கு நேரே சொல்வதைக் கல்லூரியில் கேட்க முடியாது.

பொறியியல் கல்லூரி மாணவர்களோடு சேர்வது இரண்டாவது. கேம் செய்ய ஆசைப்படும் நிரலாளர்கள் பெங்களூரில் தெருவுக்கு நால்வர் இருப்பார்கள். அவர்களிடம் இல்லாதது ஆர்ட்டிஸ்ட். நான்கு மாதத்தில் ஒரு சிறிய கேமைச் செய்து, எவரும் கேம் வெளியிடக்கூடிய இட்ச்.ஐஓ தளத்தில் வெளியிட்டால், ‘வெளியான கேமில் பணி’ என்று எழுத உரிமை வந்துவிடுகிறது. இதில் ஒரு பொறி உண்டு. மாயா முதலிய ஆட்டோடெஸ்க் மென்பொருள்களின் இலவசக் கல்வி உரிமத்தில் செய்ததை விலைக்கு விற்கும் கேமில் சேர்க்கக்கூடாது. முப்பரிமாணத்துக்கான பிளெண்டர், ஓவியத்துக்கான கிரிட்டா இரண்டுக்கும் அந்தச் சிக்கல் இல்லை. அவை எவருக்கும் எதற்கும் இலவசம்.

மூன்றாவது, பக்கத்துத் தொழில்கள். வீடு கட்டும்முன் முப்பரிமாணத்தில் காட்டும் கட்டடக்கலை அலுவலகங்கள், மின்வணிகத்துக்குப் பொருள்களை முப்பரிமாணமாக்கும் குழுக்கள், வாகன ஓட்டுநர் பயிற்சிக்கும் தொழிற்சாலைப் பாதுகாப்புப் பயிற்சிக்கும் சிமுலேஷன் செய்பவர்கள். கேம் என்ற கவர்ச்சி இல்லாததால் போட்டி குறைவு. அன்ரியல் அதேதான், யூவி அதேதான். என் கருத்தில், இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் பெரிய ஸ்டுடியோவின் பதிலுக்காகக் காத்திருந்து கோடையை வீணாக்குவதைவிட இப்படிப்பட்ட இடத்தில் எட்டு வாரம் உழைப்பது எவ்வளவோ நல்லது.

நகரத்தின் பொது அமைப்புகளையும் மறக்க வேண்டாம். கர்நாடகம் அனிமேஷன், கேம் துறைக்கென 2012இலேயே தனிக் கொள்கை வகுத்த மாநிலம். மூன்றாவது கொள்கை 2024இல் வந்தது. பெங்களூர் அனிமேஷன் தொழில் சங்கமான அபாய், ஜிஏஎஃப்எக்ஸ் என்ற மாநாட்டை நடத்துகிறது. 2021இல் தொடங்கிய சிறப்பு மையம் ஒன்றும் அதன் பொறுப்பில் இயங்குகிறது. பல ஆண்டுகள் ஐதராபாத்தில் கூடிய இந்திய கேம் உருவாக்குநர் மாநாடு 2025இல் சென்னையில் நடந்தது. இரண்டு ஊருமே ஓர் இரவுப் பயணத் தூரம்தான். அங்கெல்லாம் போய் ‘வேலை இருக்கிறதா’ என்று கேட்பவர்கள் நூறு பேர். கைக்கணினியில் ஒரு வேலையைத் திறந்து ‘இதில் முதலில் எதைத் திருத்துவீர்கள்’ என்று கேட்பவருக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும். ஐந்து நிமிடத்தை யாரும் மறுப்பதில்லை. 22 மணி நேரத்தைத்தான் மறுக்கிறார்கள்.

கடிதம்

ஆறு வரிக்கு மேல் வேண்டாம். எந்த வேலை (சிறு பொருளா, சுற்றுச்சூழலா), எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, போர்ட்ஃபோலியோ இணைப்பு, அந்த நிறுவனம் செய்யும் வகைக்குப் பொருந்தும் ஒரு வேலையைச் சுட்டும் ஒரு வரி. பெரிய கோப்புகளை இணைக்கக் கூடாது. ‘சிறுவயது முதலே கேம் என்றால் உயிர்’ என்ற வரியை எடுத்துவிடலாம். அதைப் படிப்பவருக்கும் அப்படித்தான், அதனால்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார். மூன்று வாரம் கழித்து, இடையில் முடித்த புதிய வேலை ஒன்றோடு ஒரு முறை நினைவூட்டலாம். அதற்குமேல் தொந்தரவு.

ஒப்புக்கொள்ளும் முன்

தட்டுப்பாடு உள்ள எதற்கும் கள்ளச் சந்தை முளைக்கும். பயிற்சிப் பணிக்கும் முளைத்திருக்கிறது. கவனிக்க வேண்டியவை:

1. பணம் கேட்டால் அது பயிற்சிப் பணி அன்று. ‘பாதுகாப்பு வைப்புத்தொகை’, ‘மென்பொருள் கட்டணம்’, ‘சான்றிதழ் கட்டணம்’ எந்தப் பெயரில் வந்தாலும். கட்டணம் வாங்கிக் கற்பிப்பது தவறன்று. ஆனால் அதற்கு வகுப்பு என்று பெயர்.
2. அசல் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்துவைக்கச் சொன்னால் எழுந்து வந்துவிட வேண்டும். நகல் போதும்.
3. ‘என் வேலையை யார் பார்ப்பார், வாரத்துக்கு எத்தனை முறை?’ என்று கேட்க வேண்டும். பெயரும் நாளும் சொல்லி விடை வந்தால் நல்ல இடம். ‘எல்லோரும் உதவுவார்கள்’ என்றால் யாரும் உதவமாட்டார்கள்.
4. முடித்த வேலையில் எதைப் போர்ட்ஃபோலியோவில் காட்டலாம் என்று எழுத்தில் பெற வேண்டும். வாடிக்கையாளர் பொருளைக் காட்ட முடியாது என்பது நியாயமான விடை. அப்படியானால் பயிற்சிக்கென்று தனியாகச் செய்யும் ஒரு பொருளையாவது காட்ட அனுமதி கேட்கலாம்.
5. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். கேம் வெளியாகும் முன் ஒரு ஸ்கிரீன்ஷாட்டை நண்பர் குழுவில் பகிர்ந்தாலும் அது மீறல்தான்.

உதவித்தொகை பற்றிய குழப்பமும் உண்டு. பயிற்சி மாணவருக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு தர வேண்டும் என்று எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் வேறு. அதன்கீழ் முறைப்படி பதிவு செய்த பழகுநருக்கு விதிகள் நிர்ணயித்த உதவித்தொகை உண்டு. அந்தச் சட்டத்தையொட்டி மத்தியக் கல்வி அமைச்சகம் நடத்தும் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம் பெரும்பாலும் பட்டமோ டிப்ளமாவோ முடித்தவர்களுக்கானது. பிரதமர் பயிற்சிப் பணித் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியபோது மாதம் 5,000 ரூபாய் அறிவித்தது. வயது 21 முதல் 24 வரை, முழுநேரக் கல்வியில் இருக்கக் கூடாது என்பது அப்போதைய நிபந்தனை. ஆக, கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் மாணவருக்கு அது பொருந்தவில்லை. பெயரில் ‘பயிற்சிப் பணி’ இருப்பதால் விண்ணப்பித்து ஏமாந்தவர்கள் இருக்கலாம்.

சம்பளம் இல்லாவிட்டாலும் சட்டத்தின் ஒரு பாதுகாப்பு உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், ‘ஊழியர்’ என்ற சொல்லுக்குள் பயிற்சி பெறுபவரையும் சேர்க்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருந்தாக வேண்டும். மாணவிகள் முதல் நாளிலேயே அதன் உறுப்பினர் யார் என்று கேட்பது வழக்கமான நடைமுறை, சங்கடப்பட ஒன்றுமில்லை.

கடைசி நாளில் வாங்க வேண்டிய கடிதத்தைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘சிறப்பாகப் பணியாற்றினார்’ என்ற சான்றிதழ் கல்லூரியின் கிரெடிட்டுக்கு உதவும். அடுத்த ஸ்டுடியோவுக்கு உதவாது. தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, செய்த பணியின் வகை, பயன்படுத்திய மென்பொருள்கள், நேரடியாகத் திருத்திய மூத்தவரின் பதவி ஆகியவை அதில் இருக்க வேண்டும். இதைக் கடைசி வாரத்தில் கேட்டால் மனிதவளத் துறையின் அச்சுப்படிவம்தான் வரும். முதல் வாரத்திலேயே கேட்டு வைத்துவிட வேண்டும். அப்போது அந்த மூத்தவரே எழுதித் தருவார்.